ஊருக்கெல்லாம் ஒரே கை

துளசிமணியின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது ஊத்துப்பாளையத்தில் எழுதாத சட்டம். எழுதிய சட்டங்களை அந்த ஊர் மதிக்கிற லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் மீறியவர் கிடையாது. டீக்கடை அசன் பாய் அவருக்குப் போடுகிற டீயில் சர்க்கரை ஒரு கல் கூடினாலும் பக்கத்தில் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். அவருடைய வண்டிப் பட்டறைக்கு எதிரில் ஒரு கட்சிக்காரர் மைக் கட்டினால் எதிர்க்கட்சிக்காரர் வர வேண்டியதில்லை, அதே கட்சிக்காரர்களே வந்து அவிழ்த்துவிடுவார்கள். மனைவி சம்பூர்ணம் புருஷனோடு சண்டை போடுவதென்றால் முதலில் காலண்டரைப் பார்ப்பாள். முகூர்த்த நாள், சந்தை நாள், பரீட்சை நாள் எல்லாம் கழித்தால் மாதத்தில் நாலைந்து நாள் தேறும். அதற்குள் சண்டைக்கான காரணம் அவளுக்கே மறந்துபோயிருக்கும்.

இதெல்லாம் தன் தொழில் சுத்தத்துக்குக் கிடைத்த மரியாதை என்று துளசிமணி பாதி நம்பினார். மீதிப் பாதிக்கு உண்மைக் காரணம் தெரியும். ஆனால் மரியாதை கிடைக்கும்போது அதன் வேரைத் தோண்டிப் பார்க்கிற முட்டாள் எவன்?

தொழிலிலும் குறையில்லை. பேட்டரி வண்டி வந்து இன்ஜின் வண்டி ஒழிந்துவிடும் என்று அவர் இளவட்டமாக இருந்தபோது பேசினார்கள். ஊத்துப்பாளையத்தில் எதுவும் முழுதாக ஒழிவதில்லை. பாதி பேட்டரி பாதி பெட்ரோல் என்று கலப்புத் திருமணமாகி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. துளசிமணி ஸ்குருடிரைவர் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். வயிற்றுவலிக்காரனின் வயிற்றை அமுக்குகிற வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

"வண்டிக்கு ரெண்டே வியாதிதானுங்க. ஒண்ணு, ஓட்டாமப் போட்டு வெக்கறது. இன்னொண்ணு, ஓட்டறவன்."

அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் இருட்டிய பிறகு மெக்கானிக் சங்கத் தலைவர் குப்புராஜ் பட்டறைக்கு வந்து, மறுநாள் ஸ்டிரைக் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லாப் பட்டறையும் அடைப்பாம். துளசிமணி மட்டும் திறந்துகொள்ளலாமாம்.

"எதுக்கு ஸ்டிரைக்கு?" என்று துளசிமணி கேட்டார்.

"உதிரிபாகம் வெலயேத்தம்."

"அப்ப நான் மட்டும் எதுக்குத் தொறக்கறது?"

"ஊருக்கு ஒருத்தராவது வேணுமல்ல. நீ அத்தியாவசியச் சேவை."

அத்தியாவசியச் சேவை என்ற பட்டம் துளசிமணிக்குப் பிடித்திருந்தது. காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கி, பத்து மணிக்குள் ஒன்பது வண்டி பார்த்து அனுப்பிவிட்டார். மற்ற பட்டறைக்காரர்கள் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் பின்னால் அவரை எப்படிக் குத்தப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பத்தரைக்கு ஒரு ஸ்கூட்டர் ஊர்ந்து வந்து நின்றது. இறங்கிய பெண்ணைத் துளசிமணி அதற்கு முன் பார்த்ததில்லை. நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகி வந்த பிரிசில்லா டீச்சர். ஊருக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

"அண்ணா, வண்டி இருபதைத் தாண்ட மாட்டேங்குது. ஆக்ஸிலேட்டர் கேபிளான்னு பாருங்க. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் லேட்டாகுது."

துளசிமணி வண்டியைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தார்.

"கேபிள் நல்லாத்தான் இருக்குமுங்க. உங்களுக்கு என்னங் கவலை?"

"எனக்கா? எனக்கு ஒரு கவலையும் இல்லையே."

"உங்க வண்டி அப்படிச் சொல்லலீங்களே டீச்சர்."

பிரிசில்லாவுக்கு முகம் சிவந்தது. வண்டி சொல்வது பொய் இல்லை என்று அவளுக்கும் தெரியும். நிதானி வந்து ஒன்பது வருடமாகிறது. அதனிடம் பொய் சொல்லி ஜெயித்தவர் யாருமில்லை.

நிதானி என்பது சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒரு பெட்டி. ரோட்டில் சாகிறவர்கள் தொகை தாங்காமல் அரசாங்கம் எல்லா இருசக்கர வண்டியிலும் அதைப் பூட்டச் சொன்னது. ஹேண்டில் பிடியில் கை வைத்தால் நாடி, வேர்வை, நடுக்கம் மூன்றையும் பெட்டி பார்க்கும். ஓட்டுகிறவர் நிதானத்தில் இருந்தால் விட்டுவிடும். கலங்கியிருந்தால் இருபதுக்கு மேல் ஏறவிடாது. கோபமா, துக்கமா, போதையா, பயமா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது, எல்லாமே அதற்குக் கலக்கம்தான். நல்ல திட்டம். சாகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு மானம் போனது. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை இருபதில் ஊர்ந்து வந்தால் பெண் வீட்டார் வாசலிலேயே சிரித்தார்கள். மாமனார் வீட்டுக்குப் போகும்போது இருபது, திரும்பும்போது அறுபது என்றால் பின்சீட்டில் இருக்கிற மனைவிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பெரியப்பா இறந்துவிட்டதாக லீவு கேட்டுப் போனவன் எழுபதில் பறந்ததை மேலதிகாரி பார்த்துவிட்ட கதையும் உண்டு.

"என்ன கவலைன்னு சொல்ல வேண்டாமுங்க," என்றார் துளசிமணி. "கை போட்டுக்கங்க, போதும்."

"எதுக்குக் கை போடணும்?"

"நம்மூர்ல எல்லாரும் போட்டிருக்கறது. என்ற கை, இந்தத் துளசிமணி கை."

அவர் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். செப்புக் காப்பு ஒன்று இருந்தது. அதன் உள்பக்கம் நாடியோடு ஒட்டியிருந்தது.

"என்ற நாடி இதிலிருந்து தண்ணித் தொட்டி மேல இருக்கற கம்பிக்குப் போகுது. அங்கிருந்து வண்டிக்கெல்லாம் போகுது. உங்க பொட்டிக்குள்ள ஒரு சின்ன வில்லை வெச்சுட்டா, அது உங்க கையப் பாக்காது. என்ற கையத்தான் பாக்கும். நம்ம கோயல்ல நோம்பிக்குக் காப்புக் கட்டுனா ஊரெல்லை தாண்டக்கூடாதல்லங்க, இதும் அப்படித்தான். நான் பொள்ளாச்சியப் பாத்தே ஆறு வருசமாச்சு."

"உங்க நாடியைப் பதிஞ்சு வச்சுக்க வேண்டியதுதானே?"

"பதிஞ்சது செல்லாதுங்க. ஒரே துடிப்பு ரெண்டு தடவ வந்தா பொட்டி கண்டுபுடிச்சிரும். உசுரோட இருக்கற கை வேணும்."

"எத்தனை வண்டியில இருக்கு?"

"நானூத்திப் பன்னண்டு."

பிரிசில்லா ரோட்டைப் பார்த்தாள். பால் கேன் கட்டிய வண்டி ஒன்று போனது. முறைத்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியோடு ஒருத்தர் போனார். காதில் செல்போனைச் செருகிக் கத்திக்கொண்டே இன்னொருத்தர் போனார். எல்லாம் அறுபதில்.

"அப்ப இது எல்லாத்தையும்..."

"நான்தான் ஓட்டறேன்னு அதுக நெனச்சிட்டிருக்குது."

"உங்களுக்குக் கோபம் வந்தா?"

"வராதுங்க. பொட்டி வந்த புதுசுல மெக்கானிக்குகளுக்கெல்லாம் கேம்ப் போட்டு நாடி பாத்தாங்க. என்றது கோடு போட்ட நோட்டாட்ட நேரா இருந்துச்சு. டாக்டரு மிசின் ரிப்பேருன்னு நெனச்சு ரெண்டு தட்டுத் தட்டுனாரு. எங்கப்பன் செத்தன்னைக்கும் இப்படியேதான் இருந்தேன். பொறப்பு அப்படி."

சொன்னபோது அவர் குரலில் பெருமைதான் இருந்தது. உயரமாக இருப்பவன் உயரத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

வில்லையைத் தேடி எடுத்து சீட்டைக் கழற்றிக்கொண்டே, டீச்சர் கேட்காமலேயே அவர் கதையைச் சொன்னார். இதைச் செய்தது அவரில்லை. கூட்டாளி நாச்சிமுத்து. ரெண்டு பேரும் ஒரே பட்டறையில் பதினாலு வருடம் வேலை பார்த்தவர்கள். இவர் காதில் ஸ்குருடிரைவரை வைத்துக் கேட்பார், அவர் பிரிப்பார். பிரித்ததும் இவர் சொன்னது சரியாக இருந்தால் நாச்சிமுத்து ஒன்றும் சொல்ல மாட்டார், தப்பாக இருந்தால் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மகளைப் பாம்பு கடித்துவிட்டது என்று ஒருத்தர் மடியில் போட்டுக்கொண்டு வண்டியில் வந்தார். ஆஸ்பத்திரி பதினாலு கிலோமீட்டர். பெற்றவன் கை நடுங்காமல் என்ன செய்யும்? வண்டி இருபதில் போயிற்று. பிள்ளை பிழைக்கவில்லை.

"நாச்சிமுத்து பதினஞ்சு நாள் தூங்காம ஒக்காந்து இந்த வில்லையச் செஞ்சான். பொட்டிய ஏமாத்த அவனுக்குத் தெரியும், கை மட்டும் என்றது. உசுருக்கு ஆபத்துன்னு வர்றவனுக்கு மட்டும் குடுக்கோணும்னு பேச்சு. நானும் செரீன்னேன். அப்பறம் முகூர்த்தம் தவறுதுன்னு ஒரு மாப்ள வந்தாரு. பாவமா இருந்துச்சு, போட்டுக் குடுத்தேன். பாலு திரிஞ்சு போகும்னு ஒருத்தரு வந்தாரு. அப்பறம் சும்மாவே ஒருத்தரு வந்தாரு."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம? 'இல்லைன்னு சொல்ல உனக்கு வாயில்லையாடா, உன்ற மனசு என்ன களிமண்ணா'ன்னு கத்திட்டு ஸ்பேனர வீசிட்டுப் போனான். அதோட பேச்சுவார்த்தை இல்லீங்க. வாய்க்கா மேட்டுல தனியாப் பட்டறை போட்டுக்கிட்டான். அவன் வண்டிக்குக் கை போட்டுக்க மாட்டான், ரோசக்காரன். ஆறு வருசமா இருவதுலதான் போறான். சைக்கிள்காரப் புள்ளைக முந்தீட்டுப் போகும். ஊர்ல அவனுக்குப் பேரே 'இருவது'தான்."

பிரிசில்லா சிரிக்கவில்லை. முகம் மாறியிருந்தது.

"வாய்க்கால் மேட்டு நாச்சிமுத்துவா?"

"அவனேதான். தெரியுங்களா?"

"அண்ணா, அவருக்குத்தானே போஸ்டர் ஒட்டியிருக்கு? பள்ளிக்கூடத்துச் சுவர்ல. உங்க போட்டோ கூட இருக்குதே. அதுல உங்க பட்டறைப் பேரைப் பார்த்துத்தான் நான் இங்க வந்தேன்."

துளசிமணி கையில் இருந்த வில்லையைச் சீட்டின் மேல் வைத்தார். என்ன போஸ்டர் என்று கேட்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார். நூறடி தூரம்தான். அவருக்குப் பிள்ளை இல்லாததால் அந்தச் சந்துப்பக்கம் போகிற வழக்கமில்லை. ஊரில் மற்ற சுவர்களிலெல்லாம் போஸ்டரைச் சுரண்டியவர்கள் அந்த ஒரு சுவரை விட்டுவைத்ததற்கும் அதுதான் காரணம்.

கண்ணீர் அஞ்சலி. நாச்சிமுத்து வழக்கம்போல் முறைத்துக்கொண்டிருந்தார். எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற அன்பு நண்பர். தோற்றம், மறைவு. இறுதி ஊர்வலம் செவ்வாய் காலை எட்டு மணி. கீழே சங்கத்து உறுப்பினர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில், எல்லோரையும்விடப் பெரிதாக, சங்க ஆண்டு விழாவில் எடுத்த படத்தில் துளசிமணி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். 'துளசி டூவீலர் ஒர்க்ஸ்' என்று கீழே போன் நம்பரோடு போட்டிருந்தது. ஊரிலேயே மீளாத் துயரில் முதலில் ஆழ்ந்தவர் அவர்தான். அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மணி பத்தே முக்கால். ஸ்டிரைக் எதற்கென்று இப்போது புரிந்தது. எட்டு மணிக்கு அவர் ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டு பாட்டு முனகியது நினைவுக்கு வந்தது.

அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் வேகம் குறையவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். மணிக்கட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அறுபதிலேயே போயின.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. குப்புராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தார். காலில் சுடுகாட்டு மண் இன்னும் ஒட்டியிருந்தது. பின்னால் அசன் பாய், இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோரும் முதலில் பார்த்தது துளசிமணியின் முகத்தை இல்லை, ரோட்டில் போகிற வண்டிகளைத்தான்.

"துளசி, தப்பா நெனச்சுக்காத," என்றார் குப்புராஜ். "வெள்ளிக்கெழம பெரிய முகூர்த்தம். நம்மூர்ல மட்டும் எட்டுக் கல்யாணம். அது முடிஞ்சதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு சங்கத்துல தீர்மானம் போட்டம். ஒருமனதா."

"சம்பூர்ணத்துக்குத் தெரியுமா?"

குப்புராஜ் குனிந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். துளசிமணிக்கு அது போதுமானதாக இருந்தது.

"செரி. எனக்குச் சொல்லக்கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டு, என்ற போட்டோவ எதுக்குடா போட்டீங்க?"

"போடாம உட்டா நாளைக்கு நீ கோவிச்சுக்குவியேன்னுதான்."

இதைக் குப்புராஜ் மிகவும் நேர்மையாகச் சொன்னார். போஸ்டரில் ஒருத்தன் படத்தை விடுவது என்பது ஊத்துப்பாளையத்தில் சாவைவிடப் பெரிய விஷயம். அதற்கு வெட்டுக்குத்து நடந்திருக்கிறது.

"எப்படிச் செத்தான்?"

"ஆக்சிடென்ட்டுதான். வா, டீ குடிக்கலாம்."

அசன் பாய் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணுமே கொறையல பாத்தீங்களா," என்றார். கூட்டத்துக்கு உயிர் வந்தது. "இரும்புங்க," என்றார் ஒருத்தர். "நாமதான் வீணாப் பயந்துட்டம்," என்றார் இன்னொருத்தர். ஒருத்தர் துளசிமணியின் தோளைத் தட்டிப் பாராட்டினார். பரீட்சையில் பாஸான பிள்ளையைத் தட்டுவது மாதிரி இருந்தது. துளசிமணிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கை அருவருப்பாக இருந்தது. இந்தக் கையை ஒரு தடவையாவது நடுங்க வைக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தார், ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து வண்டியை எடுத்தார். வாய்க்கால் மேடு நாலு கிலோமீட்டர். வண்டி ஓட்டுவதில் அவருக்குப் பிடித்ததே தலைக்குள் ஒன்றும் இல்லாமல் போவதுதான். கீழே இன்ஜின் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், காது அதைக் கேட்டுக்கொண்டிருக்கும், மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாச்சிமுத்துவுக்கு நேர் எதிர். வண்டியில் ஏறினால்தான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வரும். யார் என்ன சொன்னார்கள், எவன் ஏமாற்றினான், எதை எங்கே வைத்தோம். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதுக்குள் கத்திக்கொண்டே வருவார். அந்தக் கத்தலை எத்தனை வருடம் காதில் வாங்காமலேயே ஓட்டியிருக்கிறோம் என்று துளசிமணி நினைத்துப் பார்த்தார். அப்போதும் வண்டி அறுபதில்தான் போனது.

நாச்சிமுத்துவின் வீட்டு முன்னால் துணிப்பந்தல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் கலைந்து கிடந்தன. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் குளிக்கப் போயிருந்தார்கள். நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணி வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் வா என்று சொல்லக்கூடாது. அவள் தலையை மட்டும் அசைத்தாள். துளசிமணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இப்பத்தான் தெரியும் தங்கச்சி."

"தெரியுமுங்ணா. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு என்றகிட்டயும் வந்து சொல்லீட்டுத்தான் போனாங்க. நல்லது பொல்லாதது நடக்கற நாளாம்."

"எப்படீங் ஆச்சு?"

ருக்குமணி சற்று யோசித்தாள். சொல்லலாமா என்று யோசித்ததாகத் தெரியவில்லை, எங்கே ஆரம்பிப்பது என்றுதான் யோசித்தாள்.

"தோட்டத்துக்காரரு ரத்தினவேலு தெரியுமல்லங்க. அவுங்க அண்ணந்தம்பிக்குள்ள கெணத்துத் தண்ணிக்குச் சண்டை. அடிதடி வரைக்கும் போய், கொல வெறியோட வண்டிய எடுத்துட்டு வந்திருக்காரு. நேத்து அஞ்சு மணிக்கு நாலு ரோட்டுல இவரு வந்திட்டிருந்தாரு. அவரு எம்பதுல வந்து மோதிட்டாரு."

"எம்பதுலயா?"

"போலீசு வந்து அவரு பொட்டியத் தொறந்து பாத்தாங்க. ஓட்டுனவரு நிதானமாத்தான் இருந்தாருன்னு பொட்டி சொல்லுதாம். அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. யார் மேலயும் தப்பில்லையாம்."

துளசிமணி மணிக்கட்டைப் பார்த்தார்.

"ரத்தினவேலு நிதானத்துல இல்லீங்ணா," என்றாள் ருக்குமணி. "நீங்க நிதானத்துல இருந்தீங்க. அதான் நடந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவர் நினைத்துப் பார்த்தார். அசன் பாய் கடையில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல சூடான போண்டா. மனதில் ஒரு குறையும் இல்லாத நேரம் அது. அந்த நேரத்தில் அவருடைய கைதான் எண்பதில் வந்து நாச்சிமுத்துவை இடித்தது.

அப்படியும் காப்புக்குள் நாடி ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு திருகு அரைச்சுற்று அசைந்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

"நாலு ரோட்டுக்கு எதுக்கு வந்தான்?" என்று கேட்டார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார். "அவன் அந்தப் பக்கமே வர மாட்டானே."

"உங்களப் பாக்கத்தானுங்ணா வந்தாரு."

துளசிமணி நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போயிட்டு வந்தவரு, வண்டிய நிறுத்திட்டு அது முன்னாடியே குத்த வெச்சு ஒக்காந்துட்டாரு. என்னங்கன்னு கேட்டேன். 'அறுவதுல போகுது புள்ள'ன்னாரு. பொட்டி கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னேன். செரீன்னு பிரிச்சாரு. பொழுது சாயற வரைக்கும் நோண்டிப் பாத்தாரு. பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் அவரே சொன்னாரு, 'அந்த நாய் மேல இருந்த கோவம் போயிருச்சாட்ட இருக்குது. எப்பப் போச்சுன்னே தெரியல'ன்னு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாய்னு உங்களத்தாங்ணா சொன்னாரு. மக்யா நாளு, திங்கக்கெழம, சவரம் பண்ணிக்கிட்டு, சலவை வேட்டி கட்டிட்டுக் கெளம்புனாரு. போய் என்ன பேசுவீங்கன்னு கேட்டேன். 'பேசறதுக்கு என்ன, வண்டியக் காட்டுனாப் போதும், அவனுக்குப் புரியும்'னாரு."

துளசிமணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோபம் தீர்ந்ததைக்கூடப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சந்தேகம் தெளிந்த பிறகுதான் நம்பியிருக்கிறான், சந்தேகப்பிராணி. அறுபதில் வந்து பட்டறை முன்னால் பிரேக் போட்டு, ஒன்றும் பேசாமல் மீட்டரைக் காட்டிக்கொண்டு முறைத்திருப்பான். தானும் புரியாத மாதிரி 'என்ன ரிப்பேரு' என்று கேட்டிருப்போம். அந்தக் காட்சி கண்முன் வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த அவருடைய கை தடதடவென்று ஆடியது. சைலென்சர் கழன்ற பழைய வண்டி மாதிரி என்னவோ சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. ஐம்பது வயது மனிதர், தன் அப்பனுக்கு அழாத அழுகையையும் சேர்த்து அழுதார்.

ருக்குமணி தடுக்கவில்லை. எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வாய்க்கால் மேட்டிலிருந்து பார்த்தால் மெயின் ரோடு தெரியும். தேங்காய் மூட்டையோடு வந்த ஒரு வண்டி சட்டென்று தளர்ந்து ஊர ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் வந்தது ஹாரன் அடித்துக்கொண்டே அதுவும் ஊர்ந்தது. எதிர்ப்பக்கமும் அதே கதி. கொஞ்ச நேரத்தில் ரோடு முழுக்க வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஆளாளுக்குக் கையை முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொண்டு, தேருக்குப் பின்னால் போகிற கூட்டம்போல நகர்ந்தன.

போன் அடித்தது. குப்புராஜ்தான்.

"துளசி, எங்கப்பா இருக்கற? ஊரே இருவதுல நிக்குது. கல்யாண மண்டபத்துக்குப் பந்தல் சாமான் போகல. சோசியரு வந்து சேரல. நல்லா இருக்கியா?"

"நாச்சிமுத்து செத்துட்டான்," என்றார் துளசிமணி.

காலையில் அவனுக்குத் தீ வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் குப்புராஜ்.

"அது செரி. ஆனா மனசத் தேத்திக்கோணுமல்ல? கொஞ்சம் தண்ணி குடி. மூச்ச இழுத்து உடு. வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்கிக்கப்பா, அப்பறம் எவ்வளவு வேணா அழுவு, நாங்களும் வந்து கூட அழுவறம்."

துளசிமணி போனை வைத்தார். இடது கையால் காப்பின் கொக்கியைத் தேடினார். ஆறு வருடத்தில் அழுக்கேறி இறுகிப்போயிருந்தது. ருக்குமணி ஒரு ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். குத்தி நெம்பினார். காப்பு கழன்று வந்தபோது மணிக்கட்டில் வெளுத்த வளையம் ஒன்று மிச்சமிருந்தது. காப்பைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். சிக்னல் போய்விட்டால் பெட்டிகள் அவரவர் கையைத் தேடும். நாச்சிமுத்து அப்படித்தான் செய்துவைத்திருந்தார்.

தண்ணீரைக் குடித்தார். ருக்குமணியிடம் நாச்சிமுத்துவைப் பற்றி எதையெதையோ கேட்டார். கடைசி வரைக்கும் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளவில்லையாம். அரை மணி நேரம் போயிருக்கும். மறுபடியும் போன்.

"துளசி, காப்பக் கழட்டீட்டியா?"

"கழட்டிட்டேன்."

"எப்ப?"

"நீ வெச்ச ஒடனே."

"அப்ப இந்நேரம் பொட்டி எங்க கையத்தான பாக்கோணும்?"

"ஆமா."

"அப்பறம் ஏன் இன்னும் இருவது?" குப்புராஜின் குரல் கெஞ்சியது. "ஒருத்தன் வண்டியும் ஏறலப்பா. அசன் பாய் வண்டி ஏறல, என்ற வண்டி ஏறல, உங்க சம்பூர்ணம் வண்டியுந்தான். நானூறு வண்டியும் ஊருது. பொய் சொல்லாத துளசி, நீ இன்னும் கழட்டல."

துளசிமணி நாற்காலியில் கிடந்த காப்பைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.

"கழட்டிட்டேன் குப்புராஜு," என்றார். "இப்ப ஓட்டறது நீங்கதான்."